அடிக்க விடாத புள்ளிகள்

மே 18, திங்கள்

இன்று காலை நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அமுதவாணி மில் மகளிர் பாஸ்கெட்பால் அணி, கடந்த பன்னிரண்டு ஆட்டங்களில் ஒவ்வொருவரும் எடுத்த சராசரிப் புள்ளிகள். மேலிருந்து இரண்டாவது பெயர் பூங்கொடி, 12.4. கடைசிப் பெயர் மெட்டில்டா, 2.1. மெட்டில்டா நான்தான்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு செய்தி. ஒப்பந்தத்தில் ஆடுகிற இருவரில் ஒருவருக்கு ஜூலையில் நிரந்தர வேலை. இன்னொருவரின் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடியும்.

ஒப்பந்தத்தில் இருப்பது நானும் பூங்கொடியும் மட்டும்தான். ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே அலமாரி, ஒரே வாளி.

வரதராஜன் சார் அந்தப் பக்கம் வந்தார். மில்லின் பணியாளர் அதிகாரி. அணி அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. "என்னம்மா மெட்டில்டா, ஸ்கோர் ஷீட்ல உன் பேரைத் தேட வேண்டியிருக்கே" என்று சிரித்தார்.

"எதிர் டீம் ஷீட்டைப் பாருங்க சார். அங்கதான் நான் இருக்கேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்லவும் எனக்குப் பொறுமையில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரணியில் யார் அதிகம் கூடை போடுவாளோ அவளை என் தலையில் கட்டுவார்கள். அவள் மூச்சு என் கழுத்தில் படும் தூரத்தில் நாற்பது நிமிடம் நிற்பேன். இருபது புள்ளி எடுக்கிறவள் என்னிடம் எட்டோடு போனால் மீதிப் பன்னிரண்டு எங்கே போயிற்று? அதை எழுத எந்தத் தாளிலும் கட்டமில்லை.

கட்டம் நானே போடுகிறேன். அதற்குத்தான் இந்த நோட்டு.

மே 20

பயிற்சி. துணி துவைத்தேன். எங்கள் அறை இருக்கும் மூன்றாம் மாடிக்குப் பின்பக்கச் சரிவுப் பாதை வழியாக ஏறினேன், அங்கே காற்று நன்றாக வரும்.

மே 23, சனி

கல்லூரி அணியோடு பயிற்சி ஆட்டம். வென்றோம்.

என் எதிரே ஆடிய பெண் வழக்கமாகப் பதினெட்டு எடுப்பாளாம். இன்று ஆறு. பூங்கொடி மூலையில் நின்று நான்கு முறை மூன்று புள்ளிக் கூடை போட்டாள். நான்காவது விழுந்தபோது பார்க்க வந்திருந்த மில் ஆட்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். ஆனால் பூங்கொடி மார்க் பண்ணி மறிக்க வேண்டிய பெண் பதினான்கு எடுத்தாள். பன்னிரண்டு கொண்டுவந்தவள் பதினான்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதற்கு யாரும் விசிலடிக்கவில்லை, திட்டவுமில்லை.

கோச் சென்னியப்பன் சார் எல்லா ஆட்டத்தையும் கம்பத்தில் போனைக் கட்டிப் படம் பிடிக்கிறார். அதைக் கேட்டேன்.

"எதுக்குங் கண்ணு?"

"எண்ணணும் சார்."

"இதையெல்லாம் யாரு எண்ணுவாங்க?"

"நான் எண்ணுவேன்."

தலைவலி மாத்திரை இரண்டு போட்டேன்.

மே 24

ஞாயிறு. பூசைக்குப் போனேன், முழங்காலிடவில்லை. கூட்டமாக இருந்தது.

மே 29

பூங்கொடி தினமும் மாலை ஏழு மணிக்கு மகளோடு பேசுவாள். மகிழினி, நாலு வயது, கோபிச்செட்டிபாளையத்தில் மாமியாரிடம் வளர்கிறாள். நிரந்தரமானால் மில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குழந்தையைக் கூட்டி வந்துவிடலாம். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. போனில் குழந்தையிடம் சொல்கிறாள், நான் அதே அறையில் இருக்கிறேன்.

எனக்கும் அப்பா பேசினார். தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டுகிறவர். "வேல கெடைக்கலன்னா வீட்டுக்கு வந்துரு. இருவத்தெட்டு ஆச்சுல்லா? இன்னும் எத்தன நாளைக்குப் பந்து பின்னாடி ஓடுவ?"

"பந்து பின்னாடி ஓடலப்பா. பந்து வச்சிருக்கவ பின்னாடி ஓடுதேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

ஒன்றில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சொல்கிறேன்.

பூங்கொடி போனை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த நோட்டுல என்னத்த எழுதற, மெட்டி?"

"நீ விட்டதை."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் மூலையில சும்மா நின்னாலே எதிர் டீம்ல ஒருத்தி என்னைய விட்டுட்டு நகர முடியாது. அதனாலதான் நடுவுல நம்ம செண்டருக்கு இடம் கெடைக்குது. அதை எழுதுனியா?"

எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். ஆனாலும் பதினான்கு பதினான்குதான்.

ஜூன் 6, சனி

நான்காவது பயிற்சி ஆட்டம். ஆறு புள்ளியில் தோற்றோம். ஓய்வறையில் எல்லோரும் ஷூ கழற்றிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"பூங்கொடி, உன் ஆளு இன்னைக்கு எட்டு தடவ தனியா நின்னா. எட்டு தடவ. நீ எங்கட்டி போன?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சொன்னது சரிதான். எண்ணிக்கை சரிதான். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஜூன் 8, திங்கள்

வரதராஜன் சாரிடம் நோட்டோடு போனேன். எங்கள் ஐந்து பேரில் நான் உள்ளே இருக்கும்போதும் வெளியே இருக்கும்போதும் எதிரணி எடுத்த புள்ளிகளைக் காட்டினேன். நான் மார்க் பண்ணியவர்கள் நான்கு ஆட்டத்தில் வழக்கத்தைவிட நாற்பத்தொரு புள்ளி குறைவாக எடுத்திருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் பூங்கொடி. அவள் தன் ஆளைத் தனியே விட்டது இருபத்து மூன்று முறை.

முதலில் சலிப்போடுதான் புரட்டினார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார்.

"இது மேனேஜ்மெண்ட்டுக்குப் புரியும்மா. இருபத்து மூணு தடவைங்கறது பெரிய நம்பர். டைப் பண்ணிக் கொடு. ஜூன் முப்பது மீட்டிங்ல வைக்கறேன்."

வெளியே வந்தபோது கால் தரையில் படவில்லை. ஒன்பது வருடமாக அணிகளில் ஆடுகிறேன், முதல் தடவையாக ஒருவர் என் ஆட்டத்தைப் படித்திருக்கிறார்.

ஜூன் 11

டைப் பண்ணுவதற்கு முன் இருபத்து மூன்றையும் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று படங்களைப் போட்டேன். இதுவரை பூங்கொடியின் ஆள் எங்கே நிற்கிறாள் என்று மட்டும் பார்த்து எண்ணியிருந்தேன். இன்று பூங்கொடியைப் பார்த்தேன்.

படம் சரியாகத் தெரியவில்லை. கம்பம் ஆடுகிறது.

ஜூன் 12

மறுபடி பார்த்தேன். நன்றாகத்தான் தெரிகிறது.

ஜூன் 13

எழுதிவிடுகிறேன். இருபத்து மூன்றில் பதினேழு முறை பூங்கொடி தன் ஆளை விட்டுவிட்டு ஓடியது என் இடது பக்கத்துக்கு. என் எதிரே இருப்பவள் இடப்பக்கம் தோளைச் சாய்த்த உடனே, நான் நகர்வதற்கு முன்பே, பூங்கொடி இரண்டு அடி எடுத்து வைத்து அங்கே நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் எதிராளி நின்றுவிடுகிறாள், அல்லது பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். நான் தடுத்ததாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இடது கால் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது. பிப்ரவரியில் ஒருமுறை திரும்பியது. அவ்வளவுதான்.

ஜூன் 14, ஞாயிறு

துவைத்த துணியை மொட்டைமாடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"என் இடது பக்கம் எதுக்கு வார?"

கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே திரும்பினாள். எடுத்தாள். "எத்தன நாளா எண்ணற?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"முட்டி வீங்கியிருக்கறது எனக்குத் தெரியாதா? நாலு மாசமா மெஸ்ல ஐஸ் கேட்டு வாங்கற. மாடிப்படி ஏற மாட்டேங்கற. தலைவலி தலைவலின்னு மாத்திரை முழுங்கற. ஒரே ரூம்ல இருக்கறவளுக்குத் தெரியாதா?"

"உன்ன யாருட்டி கேட்டா?"

"கேட்டாத்தான் வரோணுமா?"

"ஆமா. கேட்டாத்தான் வரணும். என் ஆட்டம் என்னது. எனக்குப் பிச்சை வேண்டாம்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "பிச்சையா? நீ பந்தைத் தட்டிப் பறிச்சா அடுத்த நிமிசம் எங்கிட்டத்தான் எறியற. நான் மூலையில ஓடிப்போயி ஒருத்தி மறிக்கறதுக்குள்ள போட்டுர்றேன். இந்த நாலு மேட்ச்ல நான் போட்ட த்ரீ பாயிண்ட்ல எத்தன அப்படி வந்ததுன்னு உன்ற நோட்டுல இருக்குதா? நீ வெளிய போயிட்டா எனக்குப் பந்தே வராது. நான் எனக்காகத்தான் வந்தேன் போ."

கீழே வந்து எண்ணினேன். பதினான்கில் ஆறு.

இருந்தாலும் சொல்லிவிட்டேன்: அடுத்த வாரம் திண்டுக்கல் டோர்னமெண்டில் என் பக்கம் வராதே. உன் ஆளைப் பார்.

ஜூன் 21, ஞாயிறு. திண்டுக்கல்

டோர்னமெண்ட் இறுதி ஆட்டம். சென்னை அணியில் ஹேமலதா. நாட்டிலேயே நல்ல ஃபார்வர்டுகளில் ஒருத்தி, ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. அவளை எனக்குத்தான் கொடுத்தார்கள். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

பூங்கொடி நான் சொன்னபடியே செய்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாவது நிமிடத்திலேயே ஹேமலதாவுக்குத் தெரிந்துவிட்டது. இடது, இடது, மறுபடி இடது. ஒவ்வொரு முறையும் என் மனம் அவளுக்கு முன்னால் போய் நிற்கிறது, கால் ஒரு நொடி கழித்து வருகிறது. அந்த ஒரு நொடியில் அவள் கூடைக்கு அடியில் இருக்கிறாள். அரைநேரத்தில் அவள் மட்டும் பதினேழு. நாங்கள் ஒன்பது புள்ளி பின்னால்.

பெஞ்சில் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்னியப்பன் சார் எதிரே குந்தினார். "கண்ணு, மாத்தட்டுமா?"

"மாத்தாதீங்க சார்."

"கால்..."

"கால்தான் சார். ஆனா அவ என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. மாத்தாதீங்க."

இடைவேளை முடிய ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது. பூங்கொடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். போய் அவள் முன்னால் நின்றேன். ஆட்டத்தில் அடிபட்டு விழுந்திருக்கிறேன், மூக்கு உடைந்திருக்கிறது, அதெல்லாம் இவ்வளவு கஷ்டமாக இல்லை.

"இடது பக்கம் நீ பாத்துக்க" என்றேன்.

"கேட்டாச்சா?"

"கேட்டாச்சு."

"சரி" என்று பாட்டிலை மூடினாள்.

இரண்டாம் பாதியில் நான் ஹேமலதாவின் வலப்பக்கத்தை முழுக்க அடைத்தேன். போக விட்டால் இடது பக்கம் மட்டும்தான், அங்கே போனால் பூங்கொடி நிற்பாள். எத்தனை தடவை என்று அந்த நேரத்தில் நான் எண்ணவில்லை. அவளிடமிருந்து மூன்று முறை பந்தைத் தட்டினேன், மூன்றையும் மூலையில் பூங்கொடிக்கு எறிந்தேன், இரண்டு கூடையில் விழுந்தன. ஹேமலதாவுக்கு இரண்டாம் பாதி முழுக்க நான்கு புள்ளிதான். ஆனால் பூங்கொடி விட்டுவிட்டு வந்த பெண் தனியே நின்று பத்து எடுத்தாள்.

58–55. வென்றோம்.

என் புள்ளி பூஜ்யம். ஒரு முறைகூடக் கூடையைப் பார்த்து எறியவில்லை.

கோப்பையைப் பிடித்து போட்டோ எடுக்கும்போது வரதராஜன் சார் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "நீ எழுதினது சரிதாம்மா. பூங்கொடி கடைசி வரைக்கும் தன் ஆளை விட்டுட்டே இருந்தாளே. என் கண்ணாலயே பார்த்தேன்."

நான் பதில் சொல்லவில்லை. சத்தமாக இருந்தது, அதனால்தான்.

ஜூன் 24

பதில் சொல்லியிருக்கலாம். அவ்வளவு சத்தமில்லை.

ஜூன் 26

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. பூங்கொடி மெஸ்ஸில் இன்னொரு வாளி கடன் வாங்கி, கீழேயிருந்து இரண்டு வாளி தூக்கி வந்தாள், ஒன்று எனக்கு. நான் தூக்குகிறேன் என்று எழுந்தேன். "உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நான் அப்படி உட்காருகிறவள் இல்லை.

மில் டிஸ்பென்சரியில் எழுதி வாங்கிக்கொண்டு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறதாம். "இதோடயா ஆடுனீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஜெயிச்சோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 29, திங்கள்

மீட்டிங் நாளை. பழைய தாள் டைப் செய்து தயாராக இருக்கிறது. அதில் ஒரு பொய்கூட இல்லை. இருபத்து மூன்று முறை விட்டாள், உண்மைதான். நாற்பத்தொரு புள்ளி குறைந்தது, அதுவும் உண்மைதான். அப்படியே கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வரதராஜன் சார் என் பக்கம். இடது கால் எந்தத் தாளிலும் இல்லை.

மகிழினி இன்று போனில் ஒரு பாட்டுப் பாடினாள். பூங்கொடி ஸ்பீக்கரில் போட்டாள். குழந்தை பாதியில் வரி மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், மூன்று தடவை.

அதற்காக இல்லை. குழந்தைக்காக யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம், அது பூங்கொடிக்கே பிடிக்காது. ஸ்கோர் ஷீட்டில் பாதியைத்தான் எழுதுகிறார்கள் என்று ஒன்பது வருடமாகச் சண்டை போடுகிறவள் நான். இப்போது நானே பாதியை எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மறுபடி டைப் பண்ணினேன்.

ஜூன் 30, செவ்வாய்

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். தாளை வாங்கிப் படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது.

என் பெயருக்குக் கீழே இருபத்தெட்டு புள்ளி தடுத்தது என்று இருந்தது. மீதிப் பதின்மூன்று பூங்கொடி பெயரில். அவள் தன் ஆளை விட்ட இருபத்து மூன்றில் பதினேழு எனக்காக. அவளுடைய பதினான்கு மூன்று புள்ளிக் கூடைகளில் ஆறு நான் பறித்த பந்தில். கடைசி வரி: மெட்டில்டாவுக்கு இடது முழங்காலில் தசைநார் கிழிவு, அறுவை சிகிச்சை தேவை.

"என்னம்மா இது? போன தடவை வேற மாதிரி இருந்ததே."

"போன தடவ சரியா எண்ணல சார்."

"இந்த முட்டி விஷயத்தை யாரு கேட்டா? இதை எழுதினா மெடிக்கல்லயே அடிபட்டுப் போயிடும். உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறியே."

"எண்ணுனா முழுசா எண்ணணும் சார்."

தாளை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார். "பழசு எங்கிட்ட நோட்ஸா இருக்கு. அதையே வெச்சுடட்டுமா? யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார். அத வச்சீங்கன்னா நான் உள்ள வந்து மீட்டிங்லயே சொல்லுவேன்."

"மிரட்டறியா?"

"இல்ல சார். முன்கூட்டியே சொல்லுதேன்." கதவுவரை போய்த் திரும்பினேன். "இன்னொண்ணு. போர்டுல இருக்கற உங்க தாளும் பாதிதான். டிஃபென்ஸுக்குன்னு ஒரு கட்டம் போடுங்க. எனக்காக இல்ல, நான் இருக்கப் போறதில்ல. எனக்குப் பின்னாடி வாரவளுக்காக."

"அதெல்லாம் கண்ணுக்குத் தெரியற விஷயம் இல்லம்மா."

"தெரியும் சார். உக்காந்து பாக்கணும்."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

ஜூலை 3

பூங்கொடிக்குக் கிடைத்துவிட்டது.

ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று பார்த்தால் கத்துகிறாள். "மீட்டிங்ல இருந்த சென்னியப்பன் சார் எல்லாஞ் சொல்லிப் போட்டாரு. உன்னைய யாருடி அதையெல்லாம் எழுதச் சொன்னா?"

"நீ மட்டும் கேட்டுட்டா என் பக்கம் வந்த?"

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. இரண்டு தடவை முகம் கழுவினேன், வெயில் அதிகம்.

ஜூலை 6

நோட்டீஸ் போர்டில் பழைய தாள் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் என் தாளை நானே ஒட்டினேன். மத்தியானம் கிழித்துவிட்டார்கள். சாயங்காலம் இன்னொன்று ஒட்டினேன். பத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 9

ஐந்தாவது நகல். இன்று கிழிக்கவில்லை. ஸ்பின்னிங் பிரிவு அக்காக்கள் நான்கு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். "இதாரு, விட்ட புள்ளிய எழுதியிருக்காங்க?" என்று ஒருவர் கேட்டார். "விடாத புள்ளிக்கா" என்றேன்.

ஜூலை 22

நாளை ஆபரேஷன். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. கார்டு செல்லும். எட்டு மாதம் ஓடக் கூடாது என்கிறார்கள். ஆறு என்றேன். பேரம் பேசும் இடமா இது என்று டாக்டரம்மா கேட்டார்.

ஆகஸ்ட் 14

காலைப் பத்து முறை உயர்த்தச் சொன்னார்கள். பதினைந்து.

அக்டோபர் 5

ஒப்பந்தம் முடிந்தது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பள்ளியில் தற்காலிகமாகப் பயிற்சியாளர் வேலை. அப்பா வந்து சாமான்களை ஏற்றினார். ஊருக்கு வா என்று சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரூம்ல ஃபேன் ஓடுதா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 31, ஞாயிறு

மார்ச்சில் திருச்சியில் ஒரு அணிக்குத் தேர்வு நடக்கிறது. விண்ணப்பம் போட்டுவிட்டேன். அதற்கு முன் கால் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். இன்று அதிகாலையில் பள்ளி மைதானத்துக்குப் பூங்கொடியை வரச் சொன்னேன். மகிழினியையும் கூட்டி வந்தாள். குழந்தை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பிஸ்கட் தின்றது.

"டாக்டரம்மாகிட்டக் கேட்டியா?"

"மெதுவா ஆரம்பிக்கலாம்னாங்க."

"அப்ப மெதுவா வரட்டுமா?"

"மெதுவா வந்தா உங்கூடப் பேச மாட்டேன். என் இடது பக்கம் வா. முழு வேகத்துல வா."

வந்தாள். தாண்டிப் போய்க் கூடை போட்டாள். பந்தை எடுத்துக் கொடுத்தேன். கால் வந்தது, ஆனால் பயம் அதைப் பிடித்து இழுத்தது.

"போதுமா?"

"வா."

மறுபடி தாண்டினாள். இந்த முறை என் விரல் பந்தில் உரசியது. மகிழினி கைதட்டினாள், அம்மாவுக்காக.

"மெட்டி, இன்னைக்கு இது போதும்..."

"வாட்டி."

அவள் தோளைச் சாய்த்தாள். நான் அதற்கு முன்பே அங்கே இருந்தேன். அவள் என் மேல் மோதி நின்றாள். பந்து என் கையில் இருந்தது.